இழுக்க மறுத்த பட்டறை: மாதவரத்தில் ஒரு வாகன மீட்புச் சேவை

மாதவரம் ரவுண்டானாவைத் தாண்டி ஜி.என்.டி. சாலையில் செங்குன்றம் நோக்கிச் செல்லும்போது, லாரி நிறுத்துமிடங்களும் டயர் கடைகளும் எடைமேடைகளும் அடுத்தடுத்து வரும் பகுதியில், சாலையிலிருந்து சற்று உள்ளடங்கி இருக்கும் ஒரு பட்டறையைப் பற்றியது இந்த மதிப்புரை. பழுதான வாகனங்களை ஏற்றிச் செல்லும் பிளாட்பெட் வண்டிகள் இரண்டும், பழைய கிரேன் வண்டி ஒன்றும், காரை ஏற்றிச் செல்லத்தக்க இரட்டை அச்சு டிரைலர் ஒன்றும் அவர்களிடம் உள்ளன. டிரைலர்களுக்கான இணைப்புக் கொக்கி, மின்கம்பி வேலை, சக்கரத்தின் மையமான ஹப்பின் பேரிங் வேலை ஆகியவற்றையும் செய்கிறார்கள். பட்டறையின் பெயரைப் போட வேண்டாம், இருக்கிற வேலையையே முடிக்க ஆளில்லை என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டதால் பெயரை விட்டுவிடுகிறேன். அந்தப் பகுதியில் எல்லோரும் அவரைப் ‘பாய்’ என்றே அழைக்கிறார்கள்; நானும் அப்படியே எழுதுகிறேன்.

நாங்கள் அங்கே போன காரணத்தைச் சொன்னால்தான் நான் கொடுக்கும் மதிப்பெண் விளங்கும். என் மைத்துனர் சென்ற ஆண்டு ஒரு கேரவன் வாங்கினார். கேரவன் என்றால் நம்மூரில் படப்பிடிப்புதான் நினைவுக்கு வருகிறது. தண்டையார்பேட்டையில் எங்கள் தெருமுனையில் அது முதன்முறை வந்து நின்ற நாளில், எந்த நடிகர் வந்திருக்கிறார் என்று இரண்டு பேர் என்னிடமே கேட்டார்கள். மினி பஸ் சேசிஸின் மீது கட்டப்பட்ட வண்டி அது. நால்வர் படுக்கலாம், சிறு சமையலறையும் கழிப்பறையும் உண்டு, நீளம் ஏறத்தாழ 7 மீட்டர், தண்ணீரும் சாமானும் ஆட்களும் ஏறினால் எடை 4 டன்னை நெருங்கும். தை மாத விடுமுறையில் பழவேற்காடு, சூலூர்பேட்டையை அடுத்த நேலப்பட்டுப் பறவைகள் சரணாலயம், ஸ்ரீகாளஹஸ்தி என்று நான்கு நாள் சுற்றிவரத் திட்டமிட்டோம். ஆனால் அவ்வளவு பெரிய வண்டியைக் காளஹஸ்தியின் கோயில் தெருக்களுக்குள்ளோ பழவேற்காட்டின் மீனவக் குப்பத்துச் சந்துகளுக்குள்ளோ கொண்டுபோக முடியாது. ஓரிடத்தில் கேரவனை நிறுத்திவிட்டு, அங்கிருந்து சுற்றிப் பார்க்க ஒரு சிறிய கார் வேண்டும்.

மைத்துனர் மகன் டெக்சாஸில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன். அமெரிக்க நெடுஞ்சாலைகளில் வீட்டு வண்டிகள் தம் பின்னால் ஒரு காரை இழுத்துக்கொண்டு போவது அன்றாடக் காட்சி. அங்கே ‘இழுபடும்’ என்பதற்கான சொல்லும் தேரைக்கான சொல்லும் ஒரே ஒலியுடையவை என்பதால், பின்னால் வரும் அந்தக் காரைச் செல்லமாகத் ‘தேரை’ என்றே அழைப்பார்களாம். அதைப் போலவே நம் காரையும் கேரவனின் பின்னால் ஓர் இரும்புத் தண்டில் மாட்டிவிட்டால் ஒரே ஓட்டுநர் போதும், சுங்கச்சாவடியில் ஒரே கட்டணம் போதும் என்று அவன் கணக்குப் போட்டிருந்தான். (சுங்கக் கட்டணக் கணக்கு எந்த அளவுக்குச் சரி என்பதை யாரும் சோதித்துப் பார்க்கும் நிலை பிறகு வரவே இல்லை.) அந்தத் தண்டை, அதாவது டோ பார் ஒன்றைச் செய்து மாட்டித் தரும் இடத்தைத் தேடித்தான் பாயின் பட்டறைக்குப் போனோம்.

எண்ணூரில் லாரி தயாரிக்கும் ஆலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். ஆகவே பட்டறைக்காரர் ஒருவர் எந்தக் கேள்வியை முதலில் கேட்கிறார் என்பதைக் கவனிப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. விலையைச் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்குபவர்களையே அதிகம் பார்த்திருக்கிறேன். பாய் எங்கள் கார் எது என்றுகூட உடனே கேட்கவில்லை. கேரவனின் ஆர்.சி.யை வாங்கிப் பார்த்தார். பிறகு, இந்த வண்டி இன்னொரு வண்டியை எவ்வளவு எடைவரை இழுக்கலாம் என்று கம்பெனி எழுதிக் கொடுத்திருக்கிறதா என்று கேட்டார். மைத்துனர் கையேட்டைப் புரட்டினார். இழுவை எடை என்று எந்த எண்ணும் அதில் இல்லை.

“இழுக்குறது யார் வேணாலும் இழுப்பாங்க சார். நிறுத்துறது யாரு?” என்றார் பாய்.

அதன் பிறகு ஒன்றரை மணி நேரம் அவர் பேசியதை அப்படியே எழுதினால் நீண்டுவிடும். ஆனால் இந்தச் சேவையின் தரத்தை அந்த ஒன்றரை மணி நேரத்தை வைத்தே நான் முடிவு செய்தேன் என்பதால், முக்கியமானவற்றைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலாவது, சட்டம். ஓடும் நிலையில் உள்ள ஒரு காரை வசதிக்காக இன்னொரு வண்டியின் பின்னால் நான்கு சக்கரங்களும் தரையில் உருள இழுத்துச் செல்வதற்கு நம் நாட்டுச் சாலை விதிகள் இடம் தருவதில்லை. 1989ஆம் ஆண்டின் சாலை விதிகள் இதைத் தெளிவாகவே வரையறுத்தன: பழுதாகி நின்ற வண்டி, முழுமையாகக் கட்டி முடிக்கப்படாத வண்டி, பதிவு செய்யப்பட்ட டிரைலர், சைடு கார் ஆகியவற்றைத் தவிர வேறெதையும் இழுக்கக்கூடாது, இழுபடும் வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் உரிமம் பெற்ற ஒருவர் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதன் திருப்பும் சக்கரங்கள் தரையில் படாதபடி தூக்கப்பட்டிருக்க வேண்டும், இரண்டு வண்டிகளுக்கும் இடையே 5 மீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது, வேகம் மணிக்கு 24 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது, இழுபடும் வண்டியின் பின்புறத்தில் வெள்ளைப் பின்னணியில் 75 மில்லிமீட்டர் உயரக் கறுப்பு எழுத்துகளில் அது இழுவையில் இருப்பதை அறிவிக்க வேண்டும். 2017இல் அந்த விதிகளின் இடத்தில் புதிய ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் வந்தன. பழையதைச் சொல்லி வாதாடலாம் என்று நினைத்த மைத்துனர் மகனிடம், புதியதிலும் இழுவைக்குக் கட்டுப்பாடு உண்டு என்று பாய் சொல்லிவிட்டார். மணிக்கு 24 கிலோமீட்டர் வேகத்தில் காளஹஸ்திக்குப் போய்ச் சேர்வதற்குள் விடுமுறையே முடிந்துவிடும் என்று என் மனைவி சொன்னதும், அந்தப் பேச்சு அதோடு நின்றது.

இரண்டாவது, எடையும் பிரேக்கும். எங்கள் கார் ஏறத்தாழ 1,000 கிலோ எடையுள்ள சிறிய கார். அதன் எஞ்சின் அணைந்திருக்கும்போது பிரேக்குக்கு உதவும் வெற்றிட விசை கிடைக்காது. கிடைத்தாலும் மிதிக்க ஆளில்லை. எனவே 4 டன்னுக்காக வடிவமைக்கப்பட்ட பிரேக்குகள் 5 டன்னை நிறுத்த வேண்டிவரும். வீட்டுக்கு வந்து நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அந்தக் கார் மட்டும் சுமக்கும் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 139 கிலோஜூல், 80 கிலோமீட்டரில் அது 247 கிலோஜூலாகிறது. வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது, பிரேக் லைனிங் வெப்பமாக விழுங்க வேண்டிய ஆற்றலோ முக்கால் பங்குக்கும் மேல் கூடிவிடுகிறது. அமெரிக்காவில் இதற்காகவே இழுபடும் காருக்குள் தனியாகப் பிரேக்கை மிதிக்கும் துணைக் கருவியைப் பொருத்துகிறார்கள். தண்டு அறுந்து கார் கழன்றுவிட்டால் தானாகவே பிரேக்கைப் பிடிக்கும் சுவிட்சும் உண்டு. பல மாநிலங்களில் குறிப்பிட்ட எடைக்கு மேல் துணைப் பிரேக் கட்டாயம். மைத்துனர் மகன் பார்த்த காட்சியில் தண்டு மட்டும் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது, இந்தக் கருவிகள் தெரியவில்லை.

அதைவிட நுட்பமான ஒன்றையும் பாய் சுட்டிக்காட்டினார். கேரவனில் பின்சக்கரத்துக்குப் பின்னால் உடல் வெகுதூரம் நீண்டிருக்கும். கொக்கி அந்த நீட்சியின் கடைசியில்தான் மாட்டப்படும். வளைவில் பிரேக் போட்டால் பின்னால் வரும் கார் நேராகத் தள்ளாமல் பக்கவாட்டில் தள்ளும். நெம்புகோலின் நுனியைப் பிடித்துத் தள்ளுவதைப் போல அந்த விசை கேரவனின் பின்பகுதியையே திருப்பிவிடக்கூடும். இளைஞராக இருந்த காலத்தில் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் ஏற்றிய டிரைலர் லாரியில் கிளீனராக இருந்தவர் அவர். மழை நாளில் எண்ணூர் விரைவுச் சாலையில் முன்பகுதியும் பின்பகுதியும் கத்தரிக்கோல் போல மடங்கி நின்ற லாரிகளைத் தம் கண்ணால் பார்த்தவர். அவர் கைகளை மடக்கிக் காட்டிய விதத்திலேயே விஷயம் விளங்கிவிட்டது.

மூன்றாவதுதான் எனக்கு நேரடியாக உறைத்தது. எங்களுடையது சிவிடி வகை, அதாவது பல்சக்கரங்களுக்குப் பதிலாகக் கப்பிகளும் பெல்ட்டும் வேகத்தை மாற்றும் ஆட்டோமேட்டிக் கார். அதன் கியர்பெட்டியில் எண்ணெயைச் சுற்றவைக்கும் பம்பை எஞ்சின்தான் இயக்குகிறது. எஞ்சின் அணைந்திருக்க முன்சக்கரங்கள் தரையில் உருண்டால், உள்ளே கப்பிகளும் பெல்ட்டும் எண்ணெய் இல்லாமல் சுழலும். நியூட்ரலில் போட்டுவிட்டால் போதும் என்பது இதற்குப் பொருந்தாது. மேனுவல் கியர் உள்ள சில கார்களை நான்கு சக்கரங்களிலும் இழுக்க அவற்றின் கையேடு அனுமதிக்கிறது. ஜீப் ராங்ளர் போன்ற வண்டிகளில் எஞ்சின் விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸை நியூட்ரலில் வைத்துச் சக்கரங்களைக் கியர்பெட்டியிலிருந்து முழுவதுமாகத் துண்டிக்க முடிவதால்தான் அமெரிக்கர்கள் அதை விரும்பி இழுக்கிறார்கள். மின்சாரக் கார்களிலோ, சக்கரம் உருண்டால் மோட்டாரே மின்னாக்கியாக மாறிவிடும்.

இது எனக்கு உறைத்ததற்குக் காரணம் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது இதே கார் எங்கள் தெருவில் தண்ணீரில் நின்றது. தண்ணீர் வடிந்த பிறகு வேறொரு மீட்புச் சேவையை அழைத்தோம். அந்த நாள்களில் வட சென்னை முழுவதும் வண்டிகள் நின்றுபோயிருந்ததால், வந்தவர்களைக் குறை சொல்லும் மனநிலையில் நான் இல்லை. அவர்கள் காரின் பின்பகுதியைக் கொக்கியில் தூக்கி, முன்சக்கரங்கள் தரையில் உருள, மூலக்கடைவரை இழுத்துச் சென்றார்கள். முன்சக்கரத்தால் ஓடும் ஆட்டோமேட்டிக் காரைக் கொண்டுசெல்வதற்கு அதைவிடத் தவறான முறை இல்லை. மெக்கானிக் திறந்து பார்த்தபோது கியர்பெட்டிக்குள் தண்ணீர் புகுந்ததற்கு அடையாளம் இல்லை. எண்ணெய் கறுத்துக் கருகிய வாடையடித்தது. இழுத்தவர்களோ, வெள்ளத்தில் நின்ற வண்டி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். எப்படி இழுக்கக்கூடாது என்று கையேட்டில் படத்துடன் போட்டிருந்தது என்பதும், அன்று அதைத் திறந்து பார்க்கும் எண்ணம் எங்கள் யாருக்கும் வரவில்லை என்பதும்தான் எனக்கு இன்றுவரை உறுத்தல்.

சரி, தண்டு வேண்டாம், உங்களிடம் இருக்கும் பதிவு பெற்ற டிரைலரில் காரை ஏற்றி இழுத்துப்போகலாமா என்று மைத்துனர் கேட்டார். சட்டப்படி அது சரியான வழி. காரின் கியர்பெட்டிக்கும் தீங்கில்லை. ஆனால் டிரைலரின் சொந்த எடையே அரை டன்னுக்கு மேல். இழுக்கும் எடை எவ்வளவு என்று கம்பெனி சொல்லாத வண்டியில் ஒன்றரை டன்னை மாட்டிவிட மாட்டேன் என்று பாய் அதையும் மறுத்தார். தினசரி வாடகையாக வரக்கூடிய பணம் அது. அவர் மகன் பக்கத்தில் நின்று ஒரு மாதிரியாகப் பார்த்ததையும் கவனித்தேன்.

மறுத்துவிட்டு அவர் சும்மா அனுப்பவில்லை. டிரைலரில் சுமையை எங்கே வைப்பது என்று மைத்துனர் மகன் கேட்டதற்கு, முற்றத்தில் கிடந்த இரு சக்கரக் கைவண்டியை இழுத்து வந்து இரண்டு சிமெண்டு மூட்டைகளை வைத்துக் காட்டினார். மூட்டைகள் அச்சுக்குச் சற்று முன்னால் இருந்தால் கைப்பிடி இலேசாகக் கீழே அழுத்துகிறது, வண்டி சொன்னபடி வருகிறது. அச்சுக்குப் பின்னால் தள்ளி வைத்தால் கைப்பிடி மேலே எழும்புகிறது, வேகமாக நடந்தாலே வண்டி இடமும் வலமும் ஆடத் தொடங்குகிறது. கொத்தவால் சாவடியில் மூட்டை தள்ளியவர்கள் எல்லோருக்கும் இது தெரியும் என்றார் பாய். நெடுஞ்சாலையில் டிரைலர் பாம்பாக நெளிவதற்கு முதன்மையான காரணமும் இதுதான். டிரைலரின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்குச் சற்று மேல் கொக்கியின் மீது இறங்க வேண்டும் என்பது அமெரிக்க நடைமுறை. ஆனால் அந்த எடையும் இலவசமாக வருவதில்லை. சக்கர இடைவெளி 4 மீட்டரும் பின்நீட்சி 2 மீட்டரும் உள்ள வண்டியின் கொக்கியில் 100 கிலோ இறங்கினால், பின் அச்சில் 150 கிலோ கூடும், முன் அச்சில் 50 கிலோ குறையும். திருப்பும் சக்கரங்களின் பிடி அந்த அளவுக்குத் தளரும். ஆலையில் இருந்த காலத்தில் இந்தக் கணக்கை நூறு முறை போட்டிருக்கிறேன். ஆனாலும் கைவண்டியைக் கொண்டு யாருக்கும் விளக்கிக் காட்ட எனக்குத் தோன்றியதில்லை.

காப்பீட்டைப் பற்றி அவர் சொன்னதும் பயனுள்ளது. நம் நாட்டின் சில வாகனக் காப்பீட்டு ஆவணங்களில், பழுதான ஒரு வண்டியை இழுக்கும்போதும் மூன்றாம் நபர் பாதுகாப்பு தொடரும் என்று ஒரு விதி இருக்கிறது. ஆனால் கூலிக்கு இழுக்கக்கூடாது, இழுபடும் வண்டிக்கு நேரும் சேதத்துக்குக் கம்பெனி பொறுப்பில்லை என்ற நிபந்தனைகளும் அதே இடத்தில் இருக்கின்றன. வீட்டுக்கு வந்து என் ஆவணத்தை எடுத்துப் படித்தேன். எழுத்து மிகச் சிறியதுதான், ஆனால் அது அங்கே இருந்தது.

கடைசியில் கேரவனை மைத்துனரும் காரை அவர் மகனும் தனித்தனியாக ஓட்டிக்கொண்டு போனோம். பயணத்தைப் பற்றி இங்கே சொல்ல ஒன்றுமில்லை. நேலப்பட்டில் கூழைக்கடாக்கள் ஏராளம், என் தாயாருக்குக் காளஹஸ்தியில் நல்ல தரிசனம் கிடைத்தது. திரும்பி வரும் வழியில், கவரப்பேட்டைக்கு அருகில் தேசிய நெடுஞ்சாலையில் காரின் வெப்பமானி மேலே ஏறியது. எஞ்சினை அணைத்து ஓரம் கட்டினார்கள். தண்ணீர் பம்பு போய்விட்டது என்று பிறகு தெரிந்தது. மைத்துனர் கேரவனைக் கொஞ்சம் முன்னால் நிறுத்திவிட்டு, வண்டிக்குள்ளிருந்து புத்தம்புதிய இழுவைக் கயிற்றை எடுத்து வந்தார். பட்டறையில் கேட்டதெல்லாம் அவருக்கு அதற்குள் மறந்திருந்தது என்று நான் நினைக்கவில்லை. பின்னால் விரைந்து செல்லும் லாரிகளின் காற்றில் கார் குலுங்கும்போது, எப்படியாவது அங்கிருந்து போய்விட வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். நான் பாய்க்குத் தொலைபேசினேன்.

“சார், கயிறு கட்டாதீங்க. ஆட்டோமேட்டிக் வண்டி. எல்லாரும் இறங்கி தடுப்புக்கு அந்தாண்ட போய் நில்லுங்க. அம்மாவை முதல்ல கேரவன்ல உக்கார வைங்க,” என்று சொல்லி, முக்கோணப் பலகையை எத்தனை தப்படி பின்னால் வைக்க வேண்டும் என்பதையும் சொன்னார். ஒன்றேகால் மணி நேரத்தில் வண்டி வந்துவிடும் என்றார். வந்து சேர ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆயிற்று. தாமதத்துக்குக் காரணம் காரனோடைப் பாலத்தருகே நெரிசல் என்றார்கள். இருக்கலாம், ஆனால் வழியிலேயே ஒருமுறை அழைத்துச் சொல்லியிருக்கலாம். இருட்டிக்கொண்டிருந்த நேரம் அது. இது என் முதல் குறை.

ஏற்றிய விதத்தில் எனக்குக் குறை சொல்ல எதுவுமில்லை. பரிசோதகன் கண்ணால் பார்த்துத்தான் சொல்கிறேன். வந்தவர்கள் இருவர். முதலில் காரின் பின்பெட்டியிலிருந்த கருவிப்பையில் இருந்து இழுவைக் கண்ணியை எடுத்து, முன் பம்பரின் சிறிய மூடியைக் கழற்றி அதில் முறுக்கினார்கள். சில கார்களில் அதற்கு இடப்புரி என்பதால் தெரியாதவர்கள் மரையைக் கெடுத்துவிடுவார்கள் என்று இளையவர் சொன்னார். ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளாதபடி சாவியைத் திருப்பி வைத்து, நியூட்ரலில் போட்டு, கைப்பிரேக்கை விடுவித்து, கம்பியைச் சுற்றி இழுக்கும் வின்ச்சால் மெதுவாக ஏற்றினார்கள். எங்கள் காரின் பம்பர் தாழ்வானது; சாய்தளத்தின் அடியில் இரண்டு மரப்பலகைகளைப் போட்டுச் சாய்வைக் குறைத்த பிறகே இழுத்தார்கள். ஏறியதும் நான்கு டயர்களின் மேலும் தனித்தனியாக பெல்ட் போட்டு ராட்செட் என்ற இறுக்கும் கருவியால் இறுக்கினார்கள். பெல்ட்டை உடலின் மீதோ அச்சின் மீதோ போடாமல் டயரின் மீது போட்டால், சாலைக் குலுக்கலில் சஸ்பென்ஷன் தன் போக்கில் ஆடிக்கொள்ளும், பெல்ட் தளராது. பிறகு வின்ச் கம்பியைத் தளர்த்திவிட்டு, பாதுகாப்புச் சங்கிலியைத் தனியாக மாட்டினார்கள். வின்ச்சையே கட்டாக நம்பி ஓட்டுபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நான்கு பெல்ட்டுகளில் ஒன்று வெயிலில் வெளுத்து, ஓரம் பிரிந்திருந்தது. நான் சுட்டிக்காட்டியதும் முகம் சுளிக்காமல் வேறு பெல்ட்டை எடுத்து மாற்றினார்கள். ஆனாலும் அது வண்டியில் இருந்திருக்கவே கூடாது, இது இரண்டாவது குறை. காரில் யாரும் உட்கார்ந்து வரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்கள்; மைத்துனர் மகன் ஏசி இருக்கும் என்று கெஞ்சிப் பார்த்தும் இடம் தரவில்லை. சுமார் பத்து கிலோமீட்டர் போனதும் ஓரத்தில் நிறுத்தி, பெல்ட்டுகளைத் தட்டிப் பார்த்து, இரண்டை மேலும் இறுக்கினார்கள். நாங்கள் பின்னால் கேரவனில் வந்துகொண்டிருந்ததால் இதைப் பார்க்க முடிந்தது. நாங்கள் பார்க்கிறோம் என்பதற்காகச் செய்ததாகத் தோன்றவில்லை. ஏனென்றால், நாங்கள் சற்று முன்னதாகவே நல்லூர் சுங்கச்சாவடியில் பிரிந்து சென்று, பிறகு செங்குன்றத்தில் மீண்டும் அவர்களைக் கண்டபோதும், இளையவர் கீழே இறங்கிச் சங்கிலியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கவரப்பேட்டையிலிருந்து மாதவரம் பட்டறைவரை 4,500 ரூபாய் வாங்கினார்கள். தொலைபேசியில் சொன்ன தொகையும் அதுதான். இரவு நேரத்துக்கு என்றோ, காத்திருந்ததற்கு என்றோ எதையும் சேர்க்கவில்லை. ஆனால் ரசீதை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தார்கள். காப்பீட்டு நிறுவனத்திடம் காட்டுவதற்கு ஜி.எஸ்.டி. ரசீது கேட்டபோது, கணக்கர் சனிக்கிழமைதான் வருவார் என்று ஐந்து நாள் இழுத்தார்கள். வண்டியை இழுக்க அவ்வளவு யோசிப்பவர்கள் ரசீதை இப்படி இழுக்கக்கூடாது. பெண்கள் அமர்ந்து காத்திருக்கத் தகுந்த இடமும் பட்டறையில் இல்லை. என் மனைவியும் தாயாரும் கேரவனிலேயே இருந்துவிட்டதால் எங்களுக்குச் சமாளிக்க முடிந்தது, மற்றவர்களுக்கு முடியாது. பகலில் லாரிகள் திரும்பும் வாயிலிலேயே வாடிக்கையாளர்கள் நிற்க வேண்டியிருப்பதும் நல்லதல்ல.

கொக்கி வேலைக்காகப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. பதிவு பெற்ற டிரைலரும், இழுவை எடை எழுதப்பட்ட வண்டியும் உங்களிடம் இருந்தால், இந்தப் பட்டறையின் வேலை நம்பத்தகுந்தது. நாங்கள் போயிருந்த நாளில் படகு டிரைலர் ஒன்றுக்குப் பின்விளக்குக் கம்பிகளை மாற்றிக்கொண்டிருந்தார்கள். பிரேக் விளக்கு, இரு பக்கத் திரும்பு விளக்குகள், பின்விளக்கு ஆகிய ஒவ்வொன்றையும் முன்வண்டியிலிருந்து தனித்தனியே எரியவைத்து, பின்னால் ஓர் ஆளை நிறுத்திச் சரிபார்த்த பிறகே பணம் வாங்கினார்கள். இணைப்புச் சங்கிலிகள் இரண்டையும் கொக்கிக்குக் கீழே குறுக்காக மாட்டச் சொல்கிறார்கள்; டிரைலர் மாட்டப்படும் கொக்கிப் பந்திலிருந்து அது கழன்றாலும் டிரைலரின் மூக்கு சாலையில் குத்தாமல் சங்கிலிகள் தொட்டில் போலத் தாங்கும். ஓட்டம் தொடங்கி அரை மணி நேரத்தில் நிறுத்தி, ஹப்பின் மீது புறங்கையை வைத்துச் சூடு பார்க்கச் சொல்வதும் அவர்களுடைய வழக்கம். ஒரு பக்கம் மட்டும் சுட்டால் அந்தப் பேரிங்கை உடனே பார்க்க வேண்டும்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன். கழிந்த ஒன்று தாமதத்துக்கும் அந்த வெளுத்த பெல்ட்டுக்கும் சேர்த்து. பட்டறை காலை 8 மணிக்குத் திறக்கிறது. வெள்ளிக்கிழமை நண்பகலில் தொழுகைக்காக இரண்டரை மணிவரை மூடியிருக்கும், ஆனால் மீட்பு வண்டிக்கான தொலைபேசியை அப்போதும் யாரேனும் எடுக்கிறார்கள். போகும்போது ஆர்.சி., காப்பீட்டு நகல் ஆகியவற்றோடு, உங்கள் காரின் கையேட்டில் இழுவை பற்றிய பக்கத்தையும் படமெடுத்துக் கொண்டு போங்கள். பாய் முதலில் அதைத்தான் கேட்பார்.